நந்தி மலையடியில் நாலு ஏக்கர்

அப்பா என் தோட்டத்துக்கு முதன்முதலாக வந்தது 2020 ஜனவரியில். கம்பத்தில் இரவுப் பேருந்து ஏறி, விடியற்காலை பெங்களூரில் இறங்கி, அங்கிருந்து தொட்டபள்ளாபுரம் வந்து, எட்டரை மணிக்கெல்லாம் வேலியோரம் நின்றார். அன்றைக்குப் பார்த்து நாங்கள் காய் குறைத்துக்கொண்டிருந்தோம். ஷிராஸ் என்ற ஒயின் திராட்சை பச்சையிலிருந்து கருநீலத்துக்குத் திரும்பும் பருவம் அது. நிறம் ஏறாமல் பின்தங்கிய குலைகளையும், ஒன்றோடொன்று நெருக்கியடித்துத் தொங்கும் குலைகளையும் கத்தரித்து அப்படியே தரையில் போட்டுவிடுவோம். கொடிக்கு முப்பது குலை இருந்தால் பதினெட்டோ இருபதோதான் மிஞ்சும். வரிசைக்கு வரிசை செம்மண்ணில் பச்சைக் குலைகள் சிதறிக் கிடந்தன.

அப்பா குனிந்து ஒரு குலையை எடுத்து மண்ணை ஊதினார்.

"என்னடா தம்பி, பிஞ்சைப் போயி இப்படி வெட்டிப் போட்டிருக்க?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பது வருஷம் பன்னீர் திராட்சை போட்டவர். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு நல்ல பந்தலுக்குள் நுழைந்தால் நிமிர்ந்து நடக்க முடியாது, குலை நெற்றியில் இடிக்கும். அப்படி இடிப்பதுதான் ஒரு சம்சாரிக்குப் பெருமை. வருஷத்துக்கு ஏக்கருக்குப் பத்து, பன்னிரண்டு டன் எடுத்தால்தான் அங்கே கைக்கு ஏதாவது நிற்கும். நானோ ஏக்கருக்கு மூன்று டன்னுக்கு மேல் வேண்டாம் என்று காயைக் கழித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு பிளாஸ்டிக் கூடையை எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய், கீழே கிடந்ததில் நல்லதாகப் பார்த்துப் பொறுக்கினார். அந்தப் புளிப்புக் காய் ஊருக்குப் போய் அம்மா கையில் ஊறுகாய் ஆனது.

நான் பெங்களூருக்கு வந்தது சொட்டுநீர்க் குழாய் விற்கும் வேலைக்கு. கோலார், சிக்கபள்ளாபுரம், தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம் என்று நந்தி மலையைச் சுற்றித்தான் என் அலைச்சல். அந்த நாளில் இந்தப் பக்கம் எங்கே திரும்பினாலும் பெங்களூர் ப்ளூ பந்தல்தான். சின்னக் கறுப்புப் பழம், பத்தடி தள்ளி நின்றாலே மூக்கில் ஏறும் வாசம். நூற்றைம்பது வருஷத்துக்கும் மேலாக இந்த ஊரில் வேரூன்றிய அமெரிக்க வழிவந்த திராட்சை அது. பழச்சாறுக்கும், தித்திப்பான மலிவு போர்ட் ஒயினுக்கும் லாரி லாரியாகப் போகும். ஐரோப்பிய ஒயின் ரகங்கள் இந்த மண்ணுக்கு வந்தது பிற்பாடு. கன்வல் குரோவர் என்ற தொழிலதிபர், பிரான்சின் ஷாம்பேன் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல் துணையோடு பல ரகங்களை வருஷக்கணக்கில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1988இல் இந்த மலையடிவாரத்தில் தோட்டம் தொடங்கினார். பின்னால் போர்தோவிலிருந்து மிஷேல் ரோலான் வந்து ஆலோசனை சொன்னார். மராட்டியத்து நாசிக்கில் ஒயின் தொழில் பெரிதாக வளர்ந்ததெல்லாம் அதற்குப் பிறகு. 2007இல் கர்நாடக அரசு ஒயினுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்து, வாரியமும் அமைத்தது. சின்ன விவசாயியும் இதில் இறங்கலாம் என்ற தைரியம் பலருக்கு அப்போதுதான் வந்தது. எனக்கும்தான்.

நந்தி மலை 1,478 மீட்டர். அடிவாரம் ஏறக்குறைய தொள்ளாயிரம் மீட்டரில் இருக்கிறது. வெயிலுக்குக் குறைவில்லை, ஆனால் ஜனவரி இரவில் கம்பளி இல்லாமல் படுக்க முடியாது. திராட்சைக்கு இந்த இரவுக் குளிர்தான் முக்கியம். பகலில் இலை சர்க்கரை செய்கிறது. இரவும் சூடாக இருந்தால் பழத்தின் புளிப்பு கரைந்துகொண்டே போகும். குளிர்ந்தால் புளிப்பு தங்கும். சர்க்கரையும் புளிப்பும் சேர்ந்து நின்றால்தான் ஒயினுக்கு முதுகெலும்பு. இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். நம் பாலாறும் தென்பெண்ணையும் பிறப்பது இந்த மலைப்பக்கம்தான். அர்க்காவதி இங்கே புறப்பட்டுக் காவிரியில் சேருகிறது. இத்தனை ஆறுகளைப் பெற்ற ஊரில் போர் போட்டால் ஆயிரம் அடி தாண்டியும் புழுதிதான் வருகிறது. என் தோட்டத்து போர் ஆயிரத்து நூறு அடி. அதுவும் மூன்றாவது முயற்சி.

2016இல் நிலம் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை குழி தோண்டியது. நாலு ஏக்கரில் பதினொரு இடத்தில், ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்குத் தோண்டினோம். மேட்டுப் பக்கம் ஒன்றரை அடிதான் செம்மண். அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே உளுத்த பாறை. கடப்பாறை பட்டால் பொலபொலவென்று உதிரும், கையில் எடுத்தால் சாம்பலும் சிவப்புமாகக் கோடு தெரியும். பெங்களூர்க்காரர்கள் லால்பாகில் ஏறி உட்காருகிறார்களே, அந்தப் பாறையின் சொந்தக்காரப் பாறைதான் இதுவும். அதற்கு முந்நூறு கோடி வயது என்கிறார்கள் புவியியலாளர்கள். அது உளுத்து உதிர்ந்ததுதான் இந்த வட்டாரத்துச் செம்மண் முழுதும். பள்ளத்துப் பக்கம் கதையே வேறு. பழைய ஏரியின் விளிம்பு அது. நாலடி வரைக்கும் வண்டல் கலந்த கனத்த மண், ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. மேஸ்திரி பள்ளத்து மண்ணை உருட்டி உருண்டை பிடித்துக் காட்டி, "சார், இதுதான் சாமி மண்ணு, இங்க எது போட்டாலும் வரும்" என்றார். நானும் அப்படித்தான் நம்பினேன். அப்பா மகன்தானே நான்.

ஒரு ஏக்கரை வண்டிப்பாதைக்கும் கொட்டகைக்கும் விட்டுவிட்டு, மேட்டில் ஒன்றரை, பள்ளத்தில் ஒன்றரை என்று நட்டேன். முதலில் வேர்ச்செடி. 2017 பிப்ரவரியில் 110 ஆர் என்ற வேர்ச்செடியை எட்டடிக்கு நாலடி இடைவெளியில் வைத்தேன். ஏக்கருக்கு ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்தபோது அமெரிக்க வேரில் ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். நமக்கு இங்கே வேர்ச்செடி வேண்டியிருப்பது பெரும்பாலும் வறட்சிக்கும், உப்புத் தண்ணீருக்கும், நூற்புழுவுக்கும். டாக்ரிட்ஜ் வேர் வைத்தால் கொடி பேய்மாதிரி வளரும் என்று தெரிந்துதான் அதைத் தவிர்த்தேன். ஆகஸ்ட் கடைசியில், குச்சி பென்சில் கனம் வந்ததும், ஆப்பு ஒட்டு வைத்து ஷிராஸ் ஏற்றினோம். தூணுக்குக் கல்தூண். இந்தப் பக்கம் கல்லு கம்பம் என்பார்கள். கொடிக்கு அடியில் இருக்கும் அதே கல்தான் கொடியையும் தாங்கி நிற்கிறது.

பிறகு காத்திருப்பு. இதைப் பற்றிப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை. முதல் வருஷம் தண்டு, இரண்டாம் வருஷம் இரண்டு கை. 2019இல் அங்கங்கே பூத்ததையெல்லாம் பூவிலேயே கிள்ளிவிட்டோம். அந்த மூன்று வருஷம் வட்டி கட்டியது என் மனைவியின் சம்பளம்.

குளிர்நாட்டில் கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். நம் பக்கம் அது தூங்குவதே இல்லை. விட்டால் வருஷம் முழுதும் துளிர்க்கும். கம்பத்தில் அதனால்தான் எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு தோட்டத்தில் பழம் இருக்கிறது. ஒயின் திராட்சைக்கு அது ஆகாது. வருஷத்துக்கு இரண்டு கவாத்து, ஒரே அறுவடை. ஏப்ரலில் அடிக்கவாத்து, செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் காய்க்கவாத்து, பிப்ரவரி மார்ச்சில் அறுப்பு. அடிக்கவாத்து முடிந்து நாற்பது ஐம்பது நாளில், மே மாத வெயிலில், வெளியே ஒன்றுமே தெரியாத மொட்டுக்குள் அடுத்த வருஷக் குலை உருவாகிவிடுகிறது. அந்தச் சமயத்தில் இலை மேல் இலை விழுந்து நிழல் கட்டினால் மொட்டுக்குள் குலைக்குப் பதில் வெறும் பற்றுச்சுருள்தான். அக்டோபரில் தெரியும் குறைக்கு மே மாதத்தில்தான் காரணம் தேட வேண்டும். இதைச் சொன்னபோது அப்பா மட்டும்தான் உடனே தலையாட்டினார். பந்தல்காரர்களுக்கு நிழலின் கணக்கு ரத்தத்தில் இருக்கிறது.

தண்ணீர் விஷயத்தில் நான் செய்த தவறைச் சொல்லியாக வேண்டும். பதினைந்து வருஷம் சொட்டுநீர் விற்ற கை இது. தினமும் காலையில் ஒரு மணி நேரம் என்று வால்வைத் திறந்து மூடினேன். கூடவே குழாய் வழியாகவே உரம். கொடி தளதளவென்று வந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். 2019 மே மாதம், ஒரு சந்தேகத்தில், மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் ஒன்றுமாகக் கொடியோரம் வாய்க்கால்போல் தோண்டி வேரைப் பார்த்தேன். இரண்டிலுமே வேர் முழுதும் சொட்டுவாய்க்கு அடியில் ஒரு முறம் அகலத்தில் பின்னிக்கொண்டு கிடந்தது. கீழே ஒன்றிரண்டு நூல் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். வாயருகே சோறு வந்துகொண்டிருந்தால் பிள்ளை ஏன் எழுந்து நடக்கும்? பாறைவரைக்கும் ஆறடி மண்ணும் சரளையும் இருந்தும் என் கொடி குடித்தது என் குழாயைத்தான். அதில் வரும் பழத்தில் நந்தி மலை எங்கே இருக்கும்? உரக்கடைதான் இருக்கும்.

அன்றைக்குப் பிடித்தது வைராக்கியம். வாரத்துக்கு ஒருமுறை, பிறகு பத்து நாளைக்கு ஒருமுறை, ஆனால் ராத்திரி முழுக்க, ஆழமாக இறங்கும்படி தண்ணீர். நடுவில் கொடி வாடினாலும் வால்வைத் தொடுவதில்லை. துளிர் நுனி சோர்ந்து தலை கவிழ்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது சுலபமில்லை. இரண்டு முறை மேஸ்திரி எனக்குத் தெரியாமல் திறந்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 2022இல் மறுபடி தோண்டியபோது மேட்டில் சுண்டுவிரல் கனத்து வேர் உளுத்த பாறையின் கோட்டுக்குள் புகுந்து ஐந்தடிக்குக் கீழே போயிருந்தது. பாறை ஏட்டைப் பிளந்து பார்த்தால் நடுவே பட்டையாக நசுங்கிய வேர், இரண்டு பக்கமும் தலைமுடிபோல் வெள்ளைச் சல்லிவேர். அந்தத் துண்டை உடைத்து எடுத்து வந்து மேசைமேல் வைத்திருக்கிறேன்.

மண்ணின் ருசி என்று சொன்னால் சிலர் கல்லையும் மண்ணையும் கொடி உறிஞ்சிப் பழத்தில் வைப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. கல் ருசி பழத்துக்குள் ஏறுவதில்லை. எந்த மண் எவ்வளவு தண்ணீரை எப்போது கொடுக்கிறது, எப்போது நிறுத்துகிறது, பகல் சூட்டை எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது, வேரை எவ்வளவு தூரம் அலையவிடுகிறது, இதெல்லாம் சேர்ந்துதான் பழம். பண்ருட்டிப் பலா என்கிறோம், மதுரை மல்லி என்கிறோம், ஆத்தூர் வெற்றிலை என்கிறோம். என் தோட்டத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் தேவனஹள்ளி சக்கோத்தா, நம் பம்ளிமாஸ்தான், ஊர் பேரோடு புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. நமக்கு இந்த எண்ணம் புதிதில்லை. ஒயினிலும் அதையேதான் தேடுகிறோம். ஆனால் இளங்கொடியிடம் அதைக் கேட்க முடியாது. இளங்கொடி தன்னை ஊட்டும் கையைத்தான் காட்டும். வேர் இறங்க இறங்கத்தான் கை விலகி நிலம் தெரியும். இந்தப் பத்து வருஷத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்.

முதல் அறுவடை 2020 மார்ச் மூன்றாவது வாரம். விடிகாலை நாலு மணிக்குத் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பறித்தோம். பழம் குளிர்ந்திருக்கும்போதே ஆலைக்குப் போய்விட வேண்டும். மூன்று ஏக்கருக்கும் சேர்த்து நாலு டன்தான் கிடைத்தது. சொந்த ஆலை இல்லை, உரிமம் உள்ள ஒரு சின்ன ஆலையில் இரண்டு தொட்டி வாடகைக்குப் பேசியிருந்தேன். மேட்டுப் பழம் ஒன்றில், பள்ளத்துப் பழம் இன்னொன்றில். இரண்டையும் கலக்கக் கூடாது என்பதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். சாற்றின் சர்க்கரை அளவு, பிரிக்ஸ் 24. காம்பு நீக்கி, லேசாக நசுக்கி, ஈஸ்ட் தூவி, மூன்றாம் நாள் பொங்க ஆரம்பித்தது. 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு.

ஆலைக்கு ஆள் வரவில்லை. காவலாளியும் நானும் மட்டும். திராட்சைக்கு ஊரடங்கு தெரியாது. பொங்கும்போது தோல் முழுதும் மேலே எழும்பி ஒரு முழம் கனத்துக்கு அடையாகக் கட்டிக்கொள்ளும். அதை மூன்று நாலு மணிக்கு ஒருமுறை கட்டையால் குத்திக் கீழே அமுக்காவிட்டால் மேலே காய்ந்து காடியாகிவிடும். ராத்திரி பத்து, ஒன்று, நாலு என்று அலாரம் வைத்து எழுந்தேன். குத்தும்போது அடை சட்டென்று உடைந்து அடியிலிருந்து சூடும் நாவல்பழ வாசமும் மூஞ்சியில் அடிக்கும். கை முழங்கை வரைக்கும் கருநீலம். சூடு 30 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஈஸ்ட் செத்துவிட்டால் பாதியில் நின்றுவிடும். ஒருநாள் நடுராத்திரி மின்சாரம் போய், டீசலும் தீர்ந்து, தொட்டியைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தோம். விடிந்த பிறகுதான் மின்சாரம் வந்தது. மானியில் 29.

ஒயினை வடித்த பின் அடியில் தங்கிய தோலை அள்ள உள்ளே இறங்க வேண்டும். காவலாளி காலை வைக்கப் போனார், நான் பிடித்து நிறுத்தினேன். எங்கள் ஊரில் பாழுங்கிணற்றில் தூர் வாருமுன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். மெழுகுவத்தியை ஒரு தகரத்தில் வைத்து இறக்கினேன். இடுப்பு உயரம் இறங்குமுன்னே சுடர் படுத்துக்கொண்டது. சர்க்கரையைச் சாராயமாக்கும்போது வரும் கரியமில வாயு அடியில் குளம்போல் தேங்கியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒயின் ஆலைகளில் இதில் உயிர்போனவர்கள் உலகமெங்கும் உண்டு. மின்விசிறி வைத்து ஊதி, சுடர் அடிவரை நிமிர்ந்து நின்ற பிறகுதான் இறங்கினோம். பத்தொன்பது நாள் அந்த ஆலையிலேயே கிடந்தேன்.

அம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "பழம் வித்தா போதாதா, சாராயம் காய்ச்சணுமா?" என்று போனில் அழுதார். அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது மத்தியதரைக் கடல் நாட்டு ஒயின் ஜாடிகளின் ஓடுகள் கிடைத்ததையும், யவனர் கொண்டுவந்த தேறலைப் புறநானூறு பேசுவதையும் அவரிடம் சொன்னேன். இரண்டாயிரம் வருஷம் முன்னால் கப்பலில் இறக்கி வாங்கியதை இன்றைக்கு நம் மண்ணிலிருந்தே எடுக்கிறோம் அம்மா என்றேன். அம்மா சமாதானம் ஆகவில்லை. எனக்கும் குடியைப் பற்றி வாதாட விருப்பமில்லை, எங்கள் தெருவில் அது எத்தனை வீட்டை அழித்தது என்று எனக்கும் தெரியும். நான் செய்வது ஒரு பழத்தை அதன் உச்சத்தில் பிடித்து வைக்கும் வேலை என்றுதான் நினைக்கிறேன்.

ஆறு மாதம் கழித்து இரண்டு தொட்டி ஒயினையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி ருசித்தேன். பள்ளத்து ஒயின் நிறம் வெளிறி, மெத்தென்று, வாயில் வைத்ததும் தித்திப்பாகத் தொடங்கி, உடனே மறைந்துவிட்டது. மேட்டு ஒயினில் நாவல்பழம், அதற்குப் பின்னால் இடித்த மிளகு, விழுங்கிய பிறகு கடுக்காய்போல ஒரு துவர்ப்பு நாக்கின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டது. ரகம் ஒன்று, ஒட்டுக்கட்டிய கை ஒன்று, கவாத்து ஒன்று, ஈஸ்ட் ஒன்று. இரண்டுக்கும் நடுவே இருநூறு அடி தூரம். மேட்டில் பழம் பட்டாணிபோல் சின்னது, சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு அதிகம். நிறமும் மணமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கிறது. பள்ளத்தில் மண் கேட்காமலே தண்ணீர் கொடுத்ததால் பழம் ஊதிப்போயிருந்தது. சாமி மண்தான், சந்தேகமில்லை, ஆனால் ஷிராஸுக்கு அல்ல.

அந்த வருஷம் மேட்டு ஒயினை நானே கெடுத்தேன். 225 லிட்டர் புது ஓக் பீப்பாய் நாலு, பிரான்சிலிருந்து இறக்குமதியானது, கடன் வாங்கி வாங்கினேன். ஒயின் என்றால் பீப்பாய் வேண்டும் என்று மனசில் இருந்தது. பன்னிரண்டு மாதம் வைத்து எடுத்தால் வெனிலா, வறுத்த தேங்காய், புகை. நன்றாகத்தான் இருந்தது. குடித்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் அந்த மிளகு எங்கே? இளங்கொடியின் மெல்லிய குரல் மேல் மரம் ஏறி உட்கார்ந்துவிட்டது. 2021 அறுப்பிலிருந்து மேட்டு ஒயினைப் பெரும்பாலும் எஃகுத் தொட்டியிலும், மணம் போன பழைய பீப்பாயிலும் மட்டுமே வைக்கிறேன். புதுப் பீப்பாய் வாங்கிய கடன் இன்னும் ஒரு தவணை பாக்கி.

2021 நவம்பர். இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். பெங்களூர், கோலார், சிக்கபள்ளாபுரம் எங்கும் விடாத மழை, பல வருஷமாக வறண்டு கிடந்த ஏரிகள் மறுகால் பாய்ந்தன. ஊருக்கே கொண்டாட்டம். என் கொடி அப்போது பூவில் நின்றது. அடிச்சாம்பல் நோய் முதலில் இலைமேல் எண்ணெய்ச் சொட்டுபோல் மஞ்சளாக வரும், திருப்பினால் அடியில் வெள்ளைப் பஞ்சு. பூங்கொத்தில் ஏறினால் இரண்டு நாளில் பழுப்பாகிச் சுருண்டு கொக்கிபோல் வளைந்துவிடும். போர்தோ கலவை ஒரு சதவீதம் அடித்தோம். நூறு லிட்டருக்கு ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. 1885இல் மிலார்டே என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் உலகுக்குச் சொன்ன மருந்து. எனக்குக் கலக்கக் கற்றுக்கொடுத்தது அப்பா. துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. கலந்ததும் இரும்புக் கத்தியை முக்கி எடுத்துப் பார்க்க வேண்டும், செம்பு படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும் என்று அர்த்தம், அப்படியே அடித்தால் இலை கருகும். கத்தி சுத்தமாகத்தான் வந்தது. ஆனால் அடித்ததையெல்லாம் அடுத்த மழை கழுவிக்கொண்டே இருந்தது. பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு போயிற்று. மேட்டில் காற்று அலைந்ததால் இலை சீக்கிரம் உலர்ந்தது, மூன்றில் ஒரு பங்கோடு தப்பியது. நிலம் தன் பேச்சை இரண்டாவது முறையும் சொன்னது. எனக்குத்தான் கேட்க இரண்டு வருஷம் பிடித்தது.

பள்ளத்தில் ஷிராஸைப் பிடுங்கிவிடுவது என்று முடிவு செய்தபோது, வேறு எந்தப் பிரெஞ்சு ரகம் வைக்கலாம் என்றுதான் எல்லாரும் யோசனை சொன்னார்கள். நான் ஹெசரகட்டாவில் உள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனேன். பெங்களூர் ப்ளூவைத் தாயாக வைத்து அவர்கள் உருவாக்கிய அர்கா திருஷ்ணா போன்ற ஒயின் ரகங்களை அங்கே பார்த்தேன். திரும்பும் வழியெல்லாம் அந்தத் தாய்க்கொடியின் நினைப்பாகவே இருந்தது. கனத்த மண்ணையும் நம் மழையையும் நூற்றைம்பது வருஷமாகத் தாங்கி நின்ற கொடி. அதன் முரட்டு வாசத்தைக் காட்டித்தான் ஒயின்காரர்கள் ஒதுக்குகிறார்கள். ஆனால் யாரும் அதற்குக் காய் குறைத்து, புளிப்பு நிற்கும்போதே பறித்து, சர்க்கரை சேர்க்காமல், குளிர வைத்து, இளஞ்சிவப்பாக ஒரு ஒயின் எடுத்து நான் பார்த்ததில்லை. பெங்களூரின் ருசி என்று ஒன்று உண்டென்றால் அது ஷிராஸிடம் மட்டும் இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

அவசரமும் இருந்தது. 2008இல் தேவனஹள்ளியில் விமான நிலையம் திறந்ததிலிருந்து இந்தப் பக்கம் பந்தல்கள் ஒவ்வொன்றாக மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. பக்கத்து ஊரில் ஒரு பெரியவர், அவருடைய தாத்தா வைத்த பெங்களூர் ப்ளூ தோட்டம், அடிமரம் ஆள் தொடை கனம். விற்றாகிவிட்டது. பத்திரம் முடிந்து புல்டோசர் வருவதற்குள் குச்சி வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டேன். "எத்தனை வேணுமோ எடுத்துக்கோ, யாராவது வெச்சுக்கிட்டா சரி" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். நாலு கணு வைத்து, அடியை நேராகவும் நுனியைச் சாய்வாகவும் வெட்டி, ஈரச்சணலில் சுற்றி அறுநூறு குச்சி. கார் முழுதும் பச்சை வெட்டு வாசம். மணல் பாத்தியில் ஊன்றியதில் நானூற்றுச் சொச்சம் துளிர்த்தது.

பெங்களூர் ப்ளூவுக்குப் பந்தல்தான் சரி, கம்பிவரிசை சரிப்படாது. பந்தல் கட்ட எனக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரியும். போனில் சொன்னேன். எழுபத்தாறு வயதில், மறுநாள் இரவுப் பேருந்தில் கிளம்பி வந்துவிட்டார், தன் பழைய கம்பி முறுக்கும் கட்டையை மஞ்சள்பையில் போட்டுக்கொண்டு. பள்ளத்தில் கல்தூண்களை நட்டு முடித்தோம். மேல் கம்பிக்கு உயரம் குறிக்க நான் கையைத் தூக்கித் தூணில் சுண்ணாம்புக் கோடு போட்டேன். அப்பா பார்த்துவிட்டு, பறிக்க வரும் பெண்களில் குள்ளமான ஒருவரைக் கூப்பிட்டுத் தூணோரம் நிற்க வைத்தார்.

"உன் உயரத்துக்கு எதுக்குடா போடுற? அவங்க கைக்கு எட்டணும்."

என் கோட்டை அழித்துவிட்டு, ஒரு சாண் கீழே இன்னொரு கோடு போட்டார்.